மடிக்கும் முன் கழற்று

இன்று ஒரு காணொளியில் கெல்-டெக் சப்-2000 துப்பாக்கியின் பழைய மாதிரியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மடித்துக் காட்டினார்கள்.

பழையதை மடிக்கும் முன், மேலே இருந்த ரெட் டாட்டை (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) கழற்றி ஓரமாக வைத்தார் மனிதர். குழல் மேல்பக்கமாக மடங்கி, தோளில் வைக்கும் பின்கட்டையின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். நடுவில் எதற்கும் இடமில்லை. திரும்ப மாட்டினால் குறி அதே இடத்தில் நிற்குமா என்ற கவலை வேறு.

புதியதில் முன்பிடியை ஒரு திருப்பு. ரெட் டாட் விலகி வழி விடுகிறது. அப்படியே மடி, பையில் போடு. அவ்வளவுதான்!

முதல் மாதிரி 2001-இல் வந்தது. 2015-இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறையில் நீளம் மாற்றும் பின்கட்டை, மரையிட்ட குழல்முனை, துணைக்கருவிகளை மாட்டும் ரெயில்கள் எல்லாம் சேர்த்தார்கள். இந்தத் தொல்லையை மட்டும் தொடவில்லை.

அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டரசுப் பதிவு இல்லாமல் ரைஃபிள் குழலை 16 அங்குலத்துக்குக் கீழே குறைக்க முடியாது. சின்னதாக வேண்டுமென்றால் மடிப்பது நல்ல வழி.

ஆனாலும் சுழலும் பாகம் என்றால் தேய்வதற்கு இன்னொரு இடம். ரெட் டாட் இல்லாமல் வெறும் இரும்புக் குறியோடு சுடுபவருக்குப் பழையதே போதும் என்பேன்.