ஆர்ய கவுடா சாலையிலிருந்து உஸ்மான் சாலை வரை

ஜூன் 3, செவ்வாய்

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனையில் 8.1 என்று வந்திருக்கிறது.

ஜூன் 4, புதன்

மாத்திரையைக் கூட்ட வேண்டாம், மூன்று மாதம் நடந்துவிட்டு வாருங்கள் என்றார் மருத்துவர். நேரமில்லை என்றதற்கு, அலுவலகத்துக்கு எதில் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். மேற்கு மாம்பலத்திலிருந்து தெற்கு உஸ்மான் சாலைக்கு ஆட்டோவில் போவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

மாம்பலம் ரயில் நிலையத்தில் ஆகாய நடைபாதையில் ஏறிவிட்டால், தி.நகர் பேருந்து நிலையம் வரை ஏறத்தாழ 570 மீட்டருக்கு எந்த வண்டிக்கும் ஒதுங்க வேண்டியதில்லை. 2023-இல் திறந்ததிலிருந்து அதன் அடியிலேயே ஆட்டோவில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். மாலையில் சபலப்பட்டு ரங்கநாதன் தெருவில் இறங்கினேன். துணிப்பைகளுக்கு நடுவே தள்ளப்பட்டு நகர்வதை நடை என்று எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

இடது குதிகால் வலிக்கிறது.

ஜூன் 21, சனி

முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணத்தை வாய்விட்டுச் சொன்னால் எந்த ஆட்டோவும் நிற்காது; போக 80, வர 80 என்றுதான் கொடுத்துவந்தேன். அந்தப் பணம் இப்போது சமையலறை டப்பாவில் சேர்கிறது. பால் கணக்கு அதிலேயே தீர்ந்துவிடும் என்கிறாள் மனைவி. குதிகாலுக்காக வாங்கிய காலணிக்கு அதே டப்பாவிலிருந்து 1,900 ரூபாய் எடுத்ததைப் பற்றி அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை பெய்ததால் நடக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

சாப்பிட்டதும் மொட்டைமாடியில் கால் மணி நேரம் நடக்கிறேன். இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் HbA1c அளப்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை; அவை ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடைசி வாரத்தில் பத்தியம் இருந்து இந்தப் பரிசோதனையை ஏமாற்றவும் முடியாது. சித்தப்பா வீட்டு விசேஷத்தில் தின்ற இரண்டு ஜாங்கிரியும் அந்தக் கணக்கில் இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குதிகால் வலி நின்றுவிட்டது. வலி போயிற்றா, சர்க்கரையால் காலில் உணர்ச்சியே போயிற்றா என்று இரவு முழுவதும் தூக்கமில்லை. காலையில் என்னைக் கண்ணை மூடச் சொல்லி மனைவி பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். எல்லாம் தெரிந்தது, சுண்டுவிரலில் மட்டும் அவள் தொட்டாளா, தொட்டதாக நான் நினைத்துக்கொண்டேனா என்பது தீரவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளை மறுபடியும் HbA1c பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்று தெரிந்தும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் ஆட்டோவுக்குச் சொல்லிவிடட்டுமா என்று மனைவி கேட்கிறாள்.