கலீனா: ஆறு தூர்ந்ததால் பிழைத்த ஊர்

நேற்று இரவுதான் கலீனாவிலிருந்து திரும்பினோம். கால்வலி இன்னும் போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இலினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சிகாகோவிலிருந்து சுமார் 260 கிலோமீட்டரில் இருக்கிறது. ரயில் கிடையாது, வாடகைக் கார்தான். வழியெல்லாம் தட்டையான சோளக்காடு. ஊர் நெருங்க நெருங்க மேடும் பள்ளமுமாக மாறுகிறது. பழைய பனியாறுகள் தேய்க்காமல் விட்டுப்போன நிலம் இது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றிக் காட்டும் வண்டி ஒன்றில் இரண்டு பேருக்கு 50 டாலருக்கு மேல் கொடுத்து ஏறினோம். எங்கேயும் இறக்கிவிடவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான கிராண்டின் வீட்டு வாசலில் அரை நிமிடம் நின்றார்கள், அவ்வளவுதான். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு வண்டி எதற்கு? நடந்தே பாருங்கள். அந்தக் காசு இருந்திருந்தால் இன்னொரு நாள் தங்கியிருப்போம். திரும்பும் வழியில் ஒரு பண்ணை வாசலில் வேகவைத்து வெண்ணெய் தடவித் தந்த சோளக்கதிர் மூன்று டாலர். இந்தப் பயணத்தின் ஆகச்சிறந்த சாப்பாடு அதுதான்!

கிராண்ட் வீட்டுக்கு மறுபடி நடந்தே போனோம். கட்டாயக் கட்டணம் இல்லை, நன்கொடைதான். யுலிசிஸ் கிராண்ட் 1860-ல் இந்த ஊருக்கு வந்தபோது, கையில் ஒன்றும் இல்லாமல் அப்பாவின் தோல் கடையில் வேலை பார்த்தவர். அடுத்த ஆண்டு வடக்குப் படையில் சேர்ந்து உள்நாட்டுப் போருக்குப் போனார். 1865 ஆகஸ்டில் வென்ற படைத்தலைவராகத் திரும்பியபோது ஊர்க்காரர்கள் இந்தச் செங்கல் வீட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஐந்தே வருடம்! உள்ளே இருக்கும் சாமான்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பம் புழங்கியவை. சாப்பாட்டு மேசையருகே நின்றபோது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருந்தது.

ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தில் தாமஸ் நாஸ்ட் 1895-ல் வரைந்த பெரிய ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். 1865 ஏப்ரலில் வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸ் என்ற ஊரில் தெற்குப் படைத்தலைவர் லீ கிராண்டிடம் சரணடையும் காட்சி அது. அதன் முன்னால் நின்றபோது என் மனம் முழுக்க ஈலி பார்க்கர்தான். செனிகா பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படித்தும், அமெரிக்கக் குடிமகன் இல்லையென்று வழக்கறிஞராக விடவில்லை. பொறியாளராகி, அரசுக் கட்டட வேலைக்காகக் கலீனா வந்தவர் கிராண்டுக்கு நண்பரானார். சரணடைவு விதிமுறைகளின் இறுதிப்படியை எழுதியது இவர் கைதான். நான் நுழைந்த கடைகளிலெல்லாம் கிராண்ட் முகம் போட்ட கோப்பை, பனியன். பார்க்கர் எங்கே என்று கேட்டால் விழித்தார்கள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அப்புறம் அந்த ஆறு. கலீனா என்றாலே ஈயத்தாது. 1840-களில் அமெரிக்க ஈயத்தின் பெரும்பகுதி இந்த வட்டாரத்துச் சுரங்கங்களில்தான் கிடைத்தது. மிசிசிப்பியிலிருந்து இந்த ஊர் ஆற்றின் வழியே நீராவிப் படகுகள் ஊருக்குள்ளேயே வந்தன. சுரங்கத்துக்கும் உலைக்கும் காட்டை வெட்டித் தீர்த்ததில், சரிவுகளின் மண் கரைந்து ஆற்றைத் தூர்த்துவிட்டது. ரயிலும் வந்தது, படகுகள் நின்றன, ஆட்கள் கிளம்பினார்கள். இடித்துப் புதிதாகக் கட்டக் காசு இல்லாததால்தான் அந்தச் செங்கல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 1855-ல் திறந்த டிசோட்டோ ஹவுஸ் ஓட்டல் இன்றும் நடக்கிறது. அதன் மாடத்திலிருந்து லிங்கன் 1856-ல் பேசியிருக்கிறார். அங்கே தங்க எங்கள் பட்ஜெட் இடம் தரவில்லை. நெடுஞ்சாலையோர மோட்டலில் படுத்தோம்.

வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள், சனிக்கிழமை கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனது. வெள்ளியன்று போனால் அஞ்சலகமும் திறந்திருக்கும். பார்க்கர் மேற்பார்வையில் 1850-களின் கடைசியில் எழும்பிய சுண்ணாம்புக்கல் கட்டடம், இன்றும் கடிதம் வாங்குகிறது. அப்பாவுக்கு ஓர் அஞ்சலட்டையில் பார்க்கர் கதையை நுணுக்கி நுணுக்கி எழுதி, அங்கேயே அஞ்சல்தலை ஒட்டிப் போட்டுவிட்டு வந்தேன்.