அந்தக் கொக்கியை ஏன் மூடினீர்கள்?

2014 முதல் மூன்று வருடம் சென்னையில் ஒரு தனியார் தொலைக்காட்சியின் வீட்டு அலங்கார நிகழ்ச்சியில் உதவி இயக்குநராக இருந்தேன். வாரம் ஒரு வீடு. யாராவது ஒரு நேயரின் ஹாலையோ படுக்கையறையையோ நான்கு நாட்களில், 60,000 ரூபாய்க்குள் புதுசாக்கிக் கொடுப்போம். கடைசி நாள் வீட்டுக்காரர்களைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து நடு ஹாலில் நிறுத்திக் கட்டை அவிழ்ப்போம். முகம் சரியாக விழவில்லை என்றால் மறுபடி கட்டி மறுபடி அவிழ்ப்போம்.

ஷூட்டிங் நாட்களில் எனக்கு ஓடுகிற வேலைதான். திரைத்துணிக்குக் கோடவுன் தெரு, கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெரு, நடுவில் பெயிண்டருக்கு டீ. திங்கட்கிழமை மட்டும் உட்காருகிற வேலை. ஞாயிறு ஒளிபரப்பு முடிந்ததும் வரும் போன்களையும் கடிதங்களையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைக்க வேண்டும். யார், எந்தப் பகுதி, என்ன சொன்னார். எங்கள் தயாரிப்பாளர் இதில் கறாராக இருந்தார். அவர் இளவயதில் மெட்ராஸ் தூர்தர்ஷனில் வேலை பார்த்தவர். 1975-ல் தொடங்கிய அந்த நிலையத்தில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. நேயர்கள் எழுதும் குறைகளுக்குத் திரையிலேயே பதில் சொல்வார்கள். ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, உட்கார்ந்து எழுதி, பெட்டியில் போட்டவன் நம்மை மதித்துத்தான் திட்டுகிறான் என்பார் சார்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு அந்த நோட்டு பிடிக்கவில்லை. நான்கு நாள் தூங்காமல் செய்த அறையை ஒருவர் இரண்டே நிமிடத்தில் "நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு போனை வைத்தால் வலிக்கும். வந்ததில் பாதி வாஸ்து. ஈசானிய மூலையில் ஷூ ரேக் வைத்துவிட்டீர்கள், தெற்கே பார்த்துக் கண்ணாடி மாட்டிவிட்டீர்கள். அதையெல்லாம் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். என்னைப் பிடித்து உட்காரவைத்தது மீதிப் பாதி.

அயனாவரத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் பேசினார். அந்த வாரம் ஒரு படுக்கையறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தோம். "ஏம்மா, ஃபேன் இறக்கை தரையிலேர்ந்து எத்தனை அடி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவரே கணக்குப் போட்டார். "ஒன்பதரை அடி கூரை. நீங்க முக்கால் அடி இறக்கிட்டீங்க. அதுலேர்ந்து ஃபேன் ஒரு அடி தொங்குது. ஏழே முக்கால். கட்டில் மெத்தையோட ரெண்டு அடி. மிச்சம் அஞ்சே முக்கால். என் உயரம் அஞ்சடி பத்து அங்குலம். கொசுவலை கட்ட நான் கட்டில் மேல ஏறி நின்னா என் தலை என்னாவும்?" மறுநாள் எங்கள் ஆர்ட் டைரக்டர் அந்த வீட்டுக்கு டேப்போடு போனார். அரை அங்குலம்தான் வித்தியாசம். தொலைக்காட்சியில் பார்த்தே ஒருவர் அளந்திருக்கிறார். எங்களிடம் டேப்பே இருந்தது.

நாங்கள் அறையை எதற்காகச் செய்தோம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கேமராவுக்காகச் செய்தோம். சுண்ணாம்பு வெள்ளைச் சுவரில் லைட் அடித்தால் படத்தில் வெளிறிப்போகும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சுவர் ஆரஞ்சு அல்லது நீலம் ஆகிவிடும். நெருக்கமாகக் கோடு போட்ட துணி திரையில் நெளிநெளியாக ஆடும். அதனால் வீட்டுக்காரம்மா ஆசைப்பட்ட கோடு போட்ட திரைச்சீலை வேண்டாம் என்றாகிவிடும். அகலமான லென்ஸ் போட்டால் பத்துக்குப் பத்து அறை இரண்டு மடங்காக விரியும். அந்த விரிந்த அறைக்கு ஏற்ற மாதிரி சோபா வாங்குவோம். கேமரா போனபிறகு அந்த சோபாவைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். இதெல்லாம் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. கேமரா வழியாகவே அறையைப் பார்த்துப் பழகிப்போனது.

நேயர்கள் பார்த்தது வேறு மாதிரி. அதை எனக்குப் புரியவைத்தவர், மந்தைவெளிப் பக்கம் நான்கு வீடுகளில் வேலை செய்கிற ஓர் அம்மா. ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் பள்ளம் விட்டு உள்ளே எல்.இ.டி. பட்டை ஒட்டுவோமே, அதைப் பற்றிக் கேட்டார். "அந்தப் பள்ளத்துல தூசி விழுமே, யாரு தொடைக்கிறது? ஏணி போட்டு ஏறணும். நீங்க காட்டினதிலேர்ந்து நான் வேலை செய்யற வீட்லயும் அது வேணும்ங்கறாங்க. ஏற மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டேன்." அவர் கோபமாகப் பேசவில்லை. தரையைத் தொடுகிற திரைச்சீலையை ஒவ்வொரு முறை தரை துடைக்கும்போதும் தூக்கி முடிச்சுப் போட வேண்டியிருப்பதையும், கண்ணாடி டீப்பாயில் பிள்ளைகள் கைரேகை படிவதையும் சேர்த்துச் சொன்னார். நோட்டில் ஒன்றரைப் பக்கம் வந்தது. எங்கள் மீட்டிங்குகளில் நிறம், வெளிச்சம், பட்ஜெட் எல்லாம் பேசியிருக்கிறோம். துடைப்பம் என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை.

அப்புறம் 2015 டிசம்பர் வந்தது. வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் கழித்து மேற்கு மாம்பலத்தில் ஒரு சமையலறை செய்தோம். பழைய கடப்பா கல் தட்டுகளை உடைத்து எடுத்துவிட்டு, கீழே பளபளவென்று பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் வைத்தோம். அந்த வாரம் போன் ஓயவில்லை. முடிச்சூரிலிருந்து ஒருவர்: "எங்க வீட்ல மூணு நாள் தண்ணி நின்னுது. இந்த போர்டு ரொட்டி மாதிரி ஊறி உதிர்ந்துபோச்சு. கடப்பா கல்லைக் கழுவிட்டு அன்னைக்கே அரிசி டின்னை வெச்சோம். நீங்க அதைப் போய் ஒடைக்கிறீங்களே." அவரும் இன்னும் பலரும் சொன்னதைச் சார் ஆசாரியிடம் வாசித்துக் காட்டினார். ஆசாரி ஆறுதலாக, "நான் அன்னைக்கே சொன்னேன் சார், 710 ப்ளை போடலாம்னு, பட்ஜெட் இல்லைன்னுட்டாங்க" என்றார். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் தண்ணீரைத் தாங்கும். விலையும் அதற்கு ஏற்றபடி. அதற்குப் பிறகு சமையலறையில் கீழ்த்தட்டு கடப்பா கல்லாக இருந்தால் அதில் கை வைக்கவில்லை. கதவு மட்டும் மாற்றினோம். அது முழுக்க முழுக்க நேயர்கள் வாங்கித் தந்த மாற்றம்.

இதே வகை நிகழ்ச்சிகளின் மூத்த வடிவம் இங்கிலாந்தில் 1996-ல் பிபிசி தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்'. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வீட்டை மாற்றிக்கொண்டு, இரண்டு நாளில், 500 பவுண்டுக்குள் ஒருவர் அறையை மற்றவர் அலங்கரிப்பார்கள். அமெரிக்காவில் 2000-ல் அதுவே 'ட்ரேடிங் ஸ்பேசஸ்' ஆனது. அங்கே 1,000 டாலர். அதில் ஒரு வீட்டின் சுவர் முழுக்க வைக்கோலை ஒட்டினார்கள். இன்னொரு வீட்டில், குளிர்காய நெருப்பு மூட்டும் செங்கல் கணப்பைத் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் கணப்பை வெள்ளைப் பலகையால் மூடிவிட்டார்கள். அவர் கேமராவை விட்டு வெளியேறி அழுத சத்தம் மைக்கில் பதிவாகி ஒளிபரப்பும் ஆனது. அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் சொல்வது அந்தக் கணப்பைத்தான். எங்கள் ஆபீசில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, நம் ஊரில் இப்படி நடக்காது, நாம் வீட்டுக்காரர்களைக் கேட்டுத்தானே செய்கிறோம் என்று பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நோட்டில் எல்லாமே நல்ல குறைகள் இல்லை. வீட்டுக்காரர்களைக் கிண்டல் செய்தும் பேசுவார்கள். எப்படித்தான் இந்தக் குப்பையில் இருந்தார்களோ, டிரங்குப் பெட்டியை ஹாலில் வைக்கலாமா என்றெல்லாம். அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான். பழைய அறையைக் காட்டும்போது பின்னணிக் குரலுக்கு எழுதியது நான். 'அடைசலான, அழுது வடியும் ஹால்' என்று ஒருமுறை எழுதினேன். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண் பேசினார். "அந்த வீட்டை ஏன் அழுது வடியுதுன்னீங்க? எங்க வீடும் அப்படித்தான் இருக்குது. என் பசங்க டி.வி. பார்த்துட்டு நம்ம வீட்டைத் திரும்பிப் பார்த்தாங்க." எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் பழைய அறைக்கு வசனமே எழுதவில்லை. வீட்டுக்காரர்களையே சுற்றிக் காட்டச் சொல்லி அவர்கள் பேச்சையே வைத்தோம். அந்த டிரங்குப் பெட்டி மாமனார் பர்மாவிலிருந்து தூக்கி வந்தது என்பது போன்ற விஷயங்கள் அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தன.

ஆனால் அந்த மாற்றம் வருவதற்கு முன்பே கே.கே. நகர் வீடு முடிந்திருந்தது.

பழைய ஹவுசிங் போர்டு ஃப்ளாட். கணவன், மனைவி, வேலைக்குப் போகும் ஒரு பெண். ஹாலுக்கு ஜிப்சம் போர்டில் சீலிங், ஒரு சுவருக்கு நீலம், ஓரத்தில் எல்.இ.டி. கண்கட்டை அவிழ்த்ததும் அந்த அம்மா கையைக் கூப்பினார். ஒரே டேக். ஒளிபரப்பான பத்தாம் நாள் வியாசர்பாடியிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. 'முதலில் வீட்டைக் காட்டியபோது ஹால் கூரையில் ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருந்தது. பிறகு காட்டியபோது இல்லை. அது தூளி கட்டுகிற கொக்கிதானே. அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். அந்தக் கொக்கியை ஏன் மூடினீர்கள்?'

எடிட் அறைக்குப் போய் டேப்பை ஓட்டிப் பார்த்தேன். கேமரா கூரையைத் தடவிப் போகிற மூன்று நொடி. கறுத்த இரும்புக் கொக்கி, ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவில். நான்கு நாள் அந்த ஹாலில் பதினோரு பேர் வேலை செய்தோம். ஏணி மேல் ஏறி அதற்குக் கீழே போர்டு அடித்தவரும் எங்களில் ஒருவர்தான்.

அந்த வீட்டு அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். ஆமாம், மகளை அதில்தான் போட்டு ஆட்டினோம் என்றார். பிறகு ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். "எல்லாரும் அவ்வளவு ஆசையா செஞ்சிட்டிருந்தீங்க. அந்த நேரத்துல போய் கொக்கி, கொக்கின்னு எப்படிம்மா சொல்றது? பரவாயில்லம்மா, வீடு ரொம்ப அழகா இருக்கு." கேட்டுத்தானே செய்கிறோம் என்று பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. லைட்டும் கேமராவும் பதினோரு பேரும் சூழ்ந்து நிற்கிற தன் சொந்த ஹாலில், இலவசமாக எல்லாம் கிடைக்கிற நேரத்தில், ஒருவர் எதை வேண்டாம் என்று சொல்ல முடியும்? அந்த வீட்டார் வாய்விட்டுச் சொல்ல முடியாததை வியாசர்பாடிப் பாட்டி ஒரு இன்லண்ட் லெட்டரில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த நோட்டை நான் வேறு விதமாக எழுதினேன். வார்த்தையை மாற்றாமல், அவர்கள் சொன்னபடியே.

அந்தப் பாட்டிக்கு நானே பதில் எழுதினேன். பார்க்கத் தவறிவிட்டோம் பாட்டி, தப்பு எங்களுடையது என்று.

2017-ல், நான் வேலையை விடுவதற்கு முன் கடைசியாகச் செய்த எபிசோட், பழைய வீடுகளுக்குத் திரும்பப் போய்ப் பார்ப்பது. பட்டியலில் கே.கே. நகரை நான்தான் சேர்த்தேன். நீலச் சுவர் ஜன்னல் பக்கம் உப்புப் பூத்திருந்தது. எல்.இ.டி. பட்டையில் பாதி எரியவில்லை. மகளுக்குக் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஜிப்சம் போர்டில் ஓர் எவர்சில்வர் தட்டு அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரம் உதிராமலிருக்க உள்ளூர் ஆசாரி ஒருவர் மரச்சட்டம் வளைத்து அடித்துப் பாலிஷ் போட்டிருந்தார். மிக நேர்த்தியான வேலை. எங்கள் சீலிங்கை விட நேர்த்தி. அந்த வட்டத்துக்குள்ளிருந்து சங்கிலி இறங்கி, அதில் மெல்லிய பருத்திப் புடவையில் தூளி.

லைட்மேன் ஸ்டாண்டை விரித்துவிட்டு சுவிட்சில் கை வைத்தார். அந்த அம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். இப்போதுதான் தூங்கினான், அரை மணி நேரம் ஆகும் என்று மகள் மெதுவாகச் சொன்னாள். கேமராமேன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினார். எல்லோரும் வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து காத்திருந்தோம்.