காண்டோர் மோதிய மலை

அயர்லாந்தின் பிராண்டன் மலைக்கு ஏறுகிறவர்கள் இரண்டு வகை. அயர்லாந்தின் பழைய துறவியான புனித பிரெண்டனை நினைத்துக்கொண்டு ஏறும் யாத்திரிகர்கள் ஒரு வகை. விடுமுறை நாளில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பும் மலையேறிகள் இன்னொரு வகை. நாங்கள் இரண்டிலும் சேராதவர்கள். 1940 ஆகஸ்ட் 20 அன்று அந்த மலைமேல் வந்து விழுந்த ஒரு ஜெர்மன் விமானத்துக்காகப் போனோம்.

என்னோடு வந்தவர் தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்துவிட்டு இப்போது கார்க் நகரில் கரை வேலை பார்க்கிறார். வயதில் மூத்தவர், எனக்கு அண்ணன். விமானக் கதை என்றதும் முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "கப்பல்ல குண்டு போட்டவன் விழுந்த இடத்தப் பாக்க நான் எதுக்குத் தம்பி வரணும்?" என்றார். புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறேன் என்ற பிறகுதான் கார்ச் சாவியை எடுத்தார்.

கார்க்கிலிருந்து கிளார்னி, அங்கிருந்து ட்ராலி. ட்ராலியைத் தாண்டி கேம்ப் என்ற ஊரில் சாலை பிரிகிறது. நேரே போனால் டிங்கிள் நகரம், சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அந்தப் பக்கம். வலப்பக்கம் திரும்பினால் கடலோரமாகக் குறுகலான சாலை, கூட்டம் இல்லை. க்ளஹேன் நெருங்க நெருங்க ஊர்ப் பலகைகளில் ஆங்கிலம் மறைந்து ஐரிஷ் மட்டும் நிற்கிறது. ஐரிஷ் பேசும் பகுதி அது. மலையடிவாரத்தில் ஒரு தெரு, ஒரு தேவாலயம், இரண்டொரு மதுக்கடை, எதிரே பிராண்டன் விரிகுடா. அவ்வளவுதான் ஊர்.

ஊருக்கு மேலே ஃபாஹா என்ற இடத்தில் கார்களை நிறுத்தலாம். சின்ன மாதா கெபி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் புல்சரிவில் பாதை. பாதையின் வலப்பக்கம் முழுக்க ஃபாஹா முகடு, கத்தி முனை மாதிரி நீளமாகச் சிகரத்தை நோக்கிப் போகிறது. அந்த முகட்டில்தான் விமானம் மோதியது.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த ஏற்றத்துக்கு அர்த்தமே இல்லை.

அதன் பெயர் ஃபோக்க வுல்ஃப் 200 காண்டோர். நான்கு இன்ஜின்கள். பிறந்தது போருக்காக அல்ல. குர்ட் டாங்க் என்ற பொறியாளர் ஜெர்மன் பயணிகள் விமான நிறுவனமான லுஃப்தான்சாவுக்காக வடிவமைத்த, 26 பேர் உட்காரக்கூடிய பயணிகள் விமானம். 1938 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காமல் 24 மணி 56 நிமிடத்தில் பறந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. போர் வந்தபோது, நடுக்கடல் வரை போய்த் திரும்பக்கூடிய விமானம் ஜெர்மன் விமானப்படையிடம் இல்லை. இருந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். காண்டோரின் வயிற்றுக்கடியில் துப்பாக்கித் தொட்டி ஒன்று ஒட்டினார்கள், இறக்கைக்குக் கீழே குண்டுகளைத் தொங்கவிட்டார்கள். கல்யாண வண்டியில் கருங்கல் ஏற்றியதுபோல.

கருங்கல்லின் கனம் முதுகில் தெரிந்தது. இறங்கும்போது இறக்கைக்குப் பின்னால் உடல் ஒடிந்துபோன காண்டோர்கள் பல. ஓடுதளத்தில் முதுகு முறிந்து கிடக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால், எதிரி சுட்டதாகத்தான் தோன்றும். எந்த எதிரியும் தொட்டிருக்க மாட்டான். பெட்ரோல் குழாய்களுக்கும் சரியான காப்பு கிடையாது. கீழேயிருந்து ஒரு குண்டு பட்டால் போதும். போரில் இழந்த காண்டோர்களின் கணக்கைப் பேசும்போது சுட்டு வீழ்த்தப்பட்டவற்றைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். எனக்கென்னவோ மலையும் மேகமும் பலவீனமான முதுகும் கொன்றவைதான் அந்த விமானத்தின் உண்மையான கதை என்று தோன்றுகிறது.

பிரான்ஸ் வீழ்ந்த பிறகு 1940 கோடையில் காண்டோர்களை ஓட்டிய கேஜி 40 என்ற ஜெர்மன் படைப்பிரிவு அந்நாட்டின் போர்தோ அருகே மெரிஞ்யாக் விமானதளத்தில் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து கிளம்பி, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் பெரிய வளைவாகச் சுற்றி, நார்வேயில் போய் இறங்குவார்கள். அடுத்து அதே வழியில் திரும்பி வருவார்கள். வழியில் கண்ட கப்பல் மீது குண்டு. வானிலை பார்ப்பதும் முக்கியமான வேலை. ஐரோப்பாவுக்கு மழையும் காற்றும் மேற்கிலிருந்துதான் வருகின்றன, அட்லாண்டிக்கில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாளைய வானிலையைச் சொல்ல முடியாது. ஃபாஹாவில் விழுந்த விமானமும் அப்படி வானிலை பார்க்கக் கிளம்பியதுதான். உள்ளே ஆறு பேர், அவர்களில் ஒருவர் வானிலை ஆய்வாளர். வானிலை பார்க்க வந்தவரையே மேகம் ஏமாற்றியது.

அரை மணி நேரம் ஏறியிருப்போம். விரிகுடா கீழே நீலமாகக் கிடந்தது, வெயில்கூட அடித்தது. அண்ணன் மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்து, கடலைக் காட்டி, தான் ஓட்டிய கப்பல் கதைகளில் ஒன்றை ஆரம்பித்தார். கதை முடிவதற்குள் முகட்டின் மேல்பாதி இல்லை. மேகம் மேலேயிருந்து இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே அது மலைக்குப் பின்னால், அட்லாண்டிக் பக்கத்திலிருந்து ஏறி, முகட்டைத் தாண்டி நம் பக்கம் வழிகிறது. வழிகாட்டிக் கம்பங்களில் அடுத்தது தெரிந்தது, அதற்கு அடுத்தது தெரியவில்லை.

952 மீட்டர் என்பது இமயமலையைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த மலை கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. கடல்மேல் தாழ்வாகப் பறந்து வரும் விமானிக்கு, மேகத்துக்குள் ஒரு நாடு இருப்பதே மோதிய பிறகுதான் தெரியும். அந்த ஆறு பேரும் உயிர் தப்பியதை அதிர்ஷ்டம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நேர் முகமாக மோதியிருந்தால் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1941 பிப்ரவரி 5 அன்று, தெற்கே கார்க் மாவட்டத்தின் டரஸ் அருகே காஷெல்ஃபீன் குன்றில் இன்னொரு காண்டோர் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள், ஒருவர் மட்டும் பிழைத்தார். பிராண்டன் மலையும் ஒரு நாட்டைப் பார்த்துப் பழி வாங்கவில்லை. 1943 ஜூலையில் லிஸ்பனிலிருந்து அயர்லாந்தின் ஃபாய்ன்ஸுக்கு வந்த பிரிட்டிஷ் பயணிகள் கடல்விமானம் இதே மலைத்தொடரில் மோதியது. அடுத்த மாதம் பிரிட்டிஷ் விமானப்படையின் சண்டர்லாந்து கடல்விமானம். டிசம்பரில் போலந்து வீரர்கள் வந்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானம், அதில் ஆறு பேரும் போனார்கள்.

பாதை வளைந்து மலைக்குள் நுழைந்தது. ஏரிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வைத்த பெரிய குடைவு அது, சுற்றிலும் கறுத்த பாறைச் சுவர். ஏரிகளில் ஒன்று தெரியும், மறையும். சிகரத்துக்குப் போக அந்தச் சுவரில்தான் ஏற வேண்டும். முகட்டுச் சரிவில் விமானத்தின் உலோகத் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன என்பார்கள். பாதையை விட்டு அந்த ஈரப் பாறையில் ஏறித் தேடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. குடைவில் உட்கார்ந்து, ஈரக்காற்றில் புளிசாதம் சாப்பிட்டோம். மனசாட்சி உறுத்தாத உணவு.

அண்ணன் தன் பக்கத்துக் கதையைக் கேட்டார். "சரி, கப்பல்காரன் என்ன செஞ்சான்?"

முதலில் ஒன்றும் செய்ய முடியவில்லை. சரியான குறிபார்க்கும் கருவி இல்லாததால் காண்டோர்கள் பாய்மர உயரத்துக்குத் தாழ்ந்து வந்து குண்டு போட்டன. 1940 அக்டோபர் 26 அன்று அயர்லாந்தின் வடமேற்கே, 42,348 டன் 'எம்ப்ரஸ் ஆஃப் பிரிட்டன்' கப்பலை ஒரே ஒரு காண்டோர் எரித்துப் போட்டது. இழுத்துக்கொண்டு போகும்போது யு-32 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 1941 மார்ச்சில் சர்ச்சில் எழுதிய உத்தரவில், நீர்மூழ்கியோடு சேர்த்து ஃபோக்க வுல்ஃபையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, எங்கே கண்டாலும் தாக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஏற்பாட்டைக் கேட்டதும் அண்ணன் டப்பாவை மூடி வைத்துவிட்டார். கப்பலின் மூக்கில் ஒரு தண்டவாளம், அதன்மேல் ஒரு ஹரிக்கேன் போர்விமானம். காண்டோர் தென்பட்டால் ராக்கெட் வைத்து விமானத்தை எய்துவிட வேண்டியது. திரும்பி இறங்கத் தளம் கிடையாது. சண்டை முடிந்ததும் விமானி கடலில் குதிக்க வேண்டும் அல்லது விமானத்தோடு இறங்க வேண்டும், யாராவது வந்து தூக்குவார்கள் என்ற நம்பிக்கையில். 1941 ஆகஸ்ட் 3 அன்று 'மேப்லின்' கப்பலிலிருந்து அப்படி எய்யப்பட்ட ராபர்ட் எவரெட் ஒரு காண்டோரை வீழ்த்தினார். ஹரிக்கேன் கடலில் போனது, ஆள் பிழைத்தார். அவர் 1929 கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த ஜாக்கி.

"குதிரைக்காரனா? அப்ப சரி. அவனுக்குத்தான் கீழ விழுந்து பழக்கம்" என்றார் அண்ணன்.

அதே ஆண்டு 'ஆடாசிட்டி' வந்தது. ஜெர்மன் சரக்குக் கப்பல் ஒன்றைப் பிடித்து, மேலே தளம் போட்டு, சிறிய விமானந்தாங்கியாக மாற்றியது. அதிலிருந்து பறந்த எரிக் பிரவுன், காண்டோரின் பின்பக்கத் துப்பாக்கிகளைத் தவிர்க்க நேருக்கு நேர் பறந்து விமானி அறையைக் குறிவைத்தார். 1941 டிசம்பரில் ஆடாசிட்டியையும் நீர்மூழ்கி கொண்டுபோய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே, கப்பல்களில் துப்பாக்கிகள் பெருகியதும், கப்பலருகே போகாதே, எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல் என்று காண்டோர்களுக்கு உத்தரவு வந்துவிட்டது.

"அந்தக் கப்பல்கள்ல கரி அள்ளிப் போட்டவன்ல நம்ம நாட்டு ஆளு எத்தன பேரு தெரியுமா?" என்று கேட்டார். பல்லாயிரக்கணக்கான இந்திய மாலுமிகள் அப்போது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இருந்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வந்ததற்குக் காரணம் புளிசாதம் மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

சிகரத்தில் புனித பிரெண்டனின் சிறு ஜெபக்கூடம் இடிந்து கிடக்கிறது, சிலுவை ஒன்று நிற்கிறது. அதைப் பார்க்காமலே இறங்கினோம். மேகத்தில் அந்தச் சுவரில் ஏறுவது புத்தியில்லை.

ஃபாஹாவில் பிழைத்த ஆறு பேரும் நடுநிலை நாடான அயர்லாந்தில் காவலில் வைக்கப்பட்ட முதல் ஜெர்மன் விமானிகள். கர்ரா ராணுவ முகாமில் ஜெர்மானியர்களுக்கு ஒரு வேலி, பக்கத்திலேயே நேச நாட்டு விமானிகளுக்கு ஒரு வேலி. திரும்பி வருவேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வெளியே போய் வரலாம். ஜெர்மானியர்கள் சிலர் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாடம்கூடப் படித்தார்கள். 1945-இல்தான் ஊர் திரும்பினார்கள். மலையில் மோதாமல் போயிருந்தால் அவர்களில் எத்தனை பேர் அந்த வருஷம் வரை இருந்திருப்பார்கள்?

போக விரும்புகிறவர்களுக்கு: ஃபாஹாவுக்குப் பேருந்து கிடையாது, சொந்த வண்டி வேண்டும். கீழே வெயில் அடித்தாலும் மழைச்சட்டை கட்டாயம். முகட்டின் மேல் நடப்பது கயிறு பிடித்துப் பழகியவர்களுக்கு மட்டும்.

முழு காண்டோரைப் பார்க்க பெர்லினுக்குப் போக வேண்டும். 1942 பிப்ரவரியில் நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் கடற்கழியில் இறங்கி மூழ்கிய ஒன்றை 1999-இல் தூக்கினார்கள். தூக்கும்போதே அது உடைந்தது, பழைய வியாதி. பிரேமனில் ஓய்வுபெற்ற விமானத் தொழிலாளர்கள் உட்பட பலர் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து ஒட்டினார்கள். இப்போது டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்தின் கொட்டகையில் இருக்கிறது.

பெர்லின் செலவு அதிகம் என்றால் பெங்களூருக்குப் போகலாம். போருக்குப் பிறகு குர்ட் டாங்க் அங்கே இந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் வேலைக்கு வந்து, 1961-இல் பறந்த மாருத் போர்விமானத்தை வடிவமைத்தார். அந்த நிறுவனத்தின் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒரு மாருத் நிற்கிறது. இதைச் சொன்னதும் அண்ணன், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெங்களூர் வழியாகவே டிக்கெட் போடச் சொன்னார்.