ஆண் புலி எத்தனை கிலோ? டேப்பில் ஒரு கணக்கு

மலேசியாவின் உலு கிளாங்கில் உள்ள ஜூ நெகாரா மிருகக்காட்சி சாலையில் மலாயாப் புலியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், வாட்ஸ்அப்பில் ஓர் இந்தியக் காட்டுப் புலி '300 கிலோ' என்ற வரியோடு காத்திருக்கும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எடை போட்டது யார்?

நம் மலாயாப் புலியை வைத்து இந்தியப் புலியை எடை போடக்கூடாது. திரங்கானு மாநிலத்தில் பதிவான 21 ஆண் புலிகளில் கனமானதே 129.1 கிலோதான். மத்திய இந்தியாவில் வன அதிகாரி டன்பார் பிராண்டர் பதிந்த 42 ஆண் புலிகளின் சராசரி 420 பவுண்டு, அதாவது சுமார் 190 கிலோ. நன்கு வளர்ந்த ஆண் 180-லிருந்து 250 வரை என்றால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 388.7 கிலோ என்று கின்னஸில் ஏறிய 1967ஆம் ஆண்டுப் புலி, முந்தின இரவுதான் ஓர் எருமைக் கன்றைத் தின்றிருந்தது. ஒரே இரவில் 30 கிலோ இறைச்சியை உள்ளே தள்ளக்கூடிய விலங்கு இது. வயிற்றைக் கேட்காமல் எடையைக் கேட்டுப் பயனில்லை.

காட்டில் தராசு இல்லாதபோது டேப்தான் துணை. தீபாவளிக்கு ஆடு வாங்கும்போது நெஞ்சைச் சுற்றி டேப் போடுகிறார்களே, அதே தத்துவம். எடை, நெஞ்சுச் சுற்றளவின் வர்க்கத்தையும் நீளத்தையும் ஒட்டிப் போகும். முன்பு எடை போட்ட ஒரு புலி 200 கிலோ, சுற்றளவு 130 செ.மீ., நீளம் 190 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மயங்கிக் கிடக்கும் புதிய புலிக்கு 137, 200. 137-ஐ 130-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.11. 200-ஐ 190-ஆல் வகுத்தால் 1.05. இரண்டையும் பெருக்கி 200-ஆல் பெருக்க, ஏறத்தாழ 234 கிலோ.

கணக்கு சுலபம், டேப்தான் ஏமாற்றும். முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில், ரோமம் அழுந்தாமல் போட வேண்டும். பக்கவாட்டில் படுத்திருக்கும் புலியின் அடியில் நுழைத்த டேப் மெல்ல வயிற்றுப் பக்கம் சரியும். 5 செ.மீ. கூடினால் 7 சதவீதம், இந்தப் புலிக்கு சுமார் 17 கிலோ கூடிவிடும். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை, தரையில் அடித்த இரண்டு முளைகளுக்கு இடையே நேர்கோட்டில் எடுக்க வேண்டும். வாலைச் சேர்ப்பதும் முதுகின் வளைவோடு டேப்பை ஓட்டுவதும் பழைய வேட்டைக்காரர்களின் பழக்கம். அந்த எண்ணை இங்கே போட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

காட்டில் தானாகப் படம் எடுக்கும் கேமரா பொறியின் படம் மட்டும் இருந்தால் கஷ்டம். புலி நின்ற அதே இடத்தில் பிறகு அளவுக்கோலை நட்டு, அதே கேமராவில் படம் எடுத்து, தோள் உயரத்தை ஒப்பிடலாம். ஆனால் உயரத்தில் 5 சதவீதம் பிசகினால் எடையில் 16 சதவீதம் போய்விடும், கன அளவு அப்படி. கேமராவுக்கு நெருங்கி வந்த புலி எப்போதும் பூதம்தான். அடிவயிற்றில் தொங்கும் தளர்ந்த தோலைப் பார்த்து 'நல்ல சாப்பாடு' என்று முடிவு கட்டவும் வேண்டாம். பட்டினிப் புலிக்கும் அது தொங்கும்.

இந்த உத்தேசத்துக்கு உயிர்ப் பொறுப்பு உண்டு. மயக்க ஊசியில் ஜைலசின், கெட்டமின் அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று போகிறது. எடையைக் குறைத்து மதித்தால் ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போதே புலி தலை தூக்கும். கூட்டி மதித்தால் மூச்சு மந்தமாகும்.

அதனால் குறிப்பேட்டில் ஒற்றை எண் எழுதாதீர்கள். 'சுமார் 215–250 கிலோ, டேப் கணக்கு, வயிறு காலி' என்று எழுதுங்கள். நிறுத்ததாக இருந்தால் தராசின் உச்ச அளவையும், புலியைத் தூக்கிய வலைக்காகக் கழித்த எடையையும் பக்கத்திலேயே குறியுங்கள்.