எக்கொனொமிக் தடையும் எக்கொனொமிக்கல் விளக்கும்

பள்ளிக்கூட மலருக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிக் மட்சையும் கன்ரீன் ரோல்ஸையும் எழுதிவிடுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு ஜாம் போத்தல்.

1993, யாழ்ப்பாணம். மின்சாரம் இல்லாமற்போய் மூன்று வருடம். ஓ.எல். சோதனை எடுக்கவிருந்த எங்களை இங்கிலிஸ் ரீச்சர் பின்னேரங்களில் தன் வீட்டு விறாந்தையில் இருத்திப் படிப்பித்தார். இருட்டினதும் அந்தப் போத்தல் வரும். அடியில் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவிலே திரி. போத்தலே சிமினி. பாவித்த தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுவோம்.

ஒருநாள் நான் 'எக்கொனொமிக் லாம்ப்' என்று எழுதிக் கொடுத்தேன். ரீச்சர் வெட்டவில்லை. போத்தலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மண்ணெண்ணெய் வரவிடாமல் மறிச்சது எக்கொனொமிக் தடை. அது நாட்டின்ரை பொருளாதாரத்தோடை சேர்ந்த சொல்லு. கொஞ்ச எண்ணெயிலை கனநேரம் எரியிற இது எக்கொனொமிக்கல். சிக்கனம். விளங்கினதோ?"

விளங்கியது. உடனே ஒரு விதியும் கட்டிக்கொண்டேன்: 'இக்' என்று முடிந்தால் துறையைச் சேர்ந்தது, 'இக்கல்' வேறு ஏதோ. அடுத்த கிழமையே அது உடைந்தது. ஹிஸ்ரோறிக், ஹிஸ்ரோறிக்கல் என்ற சோடியில் எல்லாம் தலைகீழ். வரலாற்றோடு சேர்ந்தது ஹிஸ்ரோறிக்கல், வரலாற்றில் நின்றுவிடும் பெரிய சங்கதி ஹிஸ்ரோறிக். "லைபிரரியிலை இருந்தது ஹிஸ்ரோறிக்கல் புத்தகங்கள். 81இலை அது எரிஞ்ச இரவு ஹிஸ்ரோறிக்." கெட்டதுக்கும் அந்தச் சொல் வருமோ என்று ஒருவன் கேட்டான். "வரலாறு நல்லது கெட்டது பார்க்கிறேல்லை, பிள்ளை" என்றுவிட்டுத் திரியைக் கொஞ்சம் இறக்கினார். ஈற்றை நம்பாதே, சோடி சோடியாகப் படி என்பதை அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டேன்.

போர்ட் (bored), போறிங் (boring) வித்தியாசத்தை மட்டும் ரீச்சரிடம் படிக்கவில்லை. லண்டன் சித்தப்பாவுக்கு 'ஐ ஆம் வெரி போறிங்' என்று எழுதியிருந்தேன். எனக்குப் பொழுது போகவில்லை என்பதுதான் கருத்து. மாதக்கணக்கில் அலைந்து வந்த பதிலில் ஒரே வரி: "அது எங்களுக்கு முந்தியே தெரியும்." அலுப்பைக் கொடுக்கிறவன் போறிங், அலுத்துப்போய் இருக்கிறவன் போர்ட். இன்றைக்கும் அதை எழுதும்போது காது சுடும்.

கொன்ரினுவல் (continual), கொன்ரினியூவஸ் (continuous) சோடிக்கு உதாரணம் தேடி அலையவில்லை. செல்லடி கொன்ரினுவல்: விட்டு விட்டு, ஆனால் ஓயாமல் திரும்பத் திரும்ப. மாரித்தவளை கத்துறது கொன்ரினியூவஸ்: இடையிலே மூச்சே விடாது. இங்கிலிஸ்காரரே இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். இங்கே அலுவலகத்தில் திருத்தப் போய் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தடியில் நின்றோம். அடி வைக்க இடமில்லை. மழை வேறு விட்டு விட்டுப் பெய்தது. பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ரீச்சர். கரியரில் ஒரு உரப்பை.

"ரீச்சர், இது கொன்ரினுவல் மழையெல்லே?" என்றேன்.

"பகிடியை விட்டிட்டுத் தம்பியின்ரை கையை இறுக்கிப் பிடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சனம் இரண்டடி நகர்ந்த பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஓம். சரிதான்."