முப்பது கப்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்று வேலையில் சேர்ந்தேன். சென்னையில் ஒரு மாலின் இரண்டாம் மாடியில் இருக்கும் பெட் ஷாப். பல ஊர்களில் கிளை உள்ள நிறுவனம், பெயர் இங்கே வேண்டாம். கடையில் முக்கால்வாசி இடம் நாய், பூனைச் சாமான்களுக்கு. உள்ளே கடைசியில் மீன். கலர் மீன் வளர்ப்புக்குப் பேர் போன கொளத்தூர்தான் என் ஊர் என்று சொன்னதுமே மேனேஜர் சார் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உனக்குச் சொல்லித் தரவே வேணாமேம்மா" என்று மீன் பகுதியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சுவரோடு 24 டேங்க். அதற்கு முன்னால் ஒரு அலமாரியில் ஃபைட்டர் மீன்கள், ஜூஸ் கடையில் தருவது போன்ற பிளாஸ்டிக் கப்பில் ஒன்றொன்றாக. எண்ணினேன், 30. நாலைந்து கப்பில் தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் இருந்தது. 17 என்று ஸ்டிக்கர் ஒட்டிய கப்பில் ஒரு நீல ஆண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மூடியைத் திறந்ததும் மூத்திர வாடை. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கப்பை லேசாக அசைத்ததும் கஷ்டப்பட்டு நிமிர்ந்து மேலே வந்தது, ஒரு வாய் காற்றைக் குடித்தது, மறுபடி சாய்ந்துகொண்டது.

ஃபைட்டருக்குச் செவுளோடு கூட, தலைக்குள் காற்றைச் சுவாசிக்க இன்னொரு உறுப்பும் உண்டு. தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் பிறந்த மீன் அது. பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் தாக்குப் பிடிக்கும். அதனால்தான் அதைக் கப்பில் போட்டு விற்க முடிகிறது. வேறு பல மீன்களாக இருந்தால் சீக்கிரமே முடிந்திருக்கும், யாருக்கும் கப்பில் போடத் தோன்றியிருக்காது.

மீனைப் பாட்டிலில் வைப்பது எனக்குப் புதிதில்லை. அப்பா ஃபைட்டர் வளர்த்தவர். ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் கடித்துக் கிழித்துக்கொள்ளும், அதனால் வளர்ந்ததும் தனித்தனி பாட்டிலுக்கு மாற்றிவிடுவோம். காலி பிராந்தி பாட்டில்கள்தான். அது நல்ல இருப்பிடம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வியாபாரி வந்து எடுத்துப்போகும் வரை சில வாரங்கள்தான் அதில் இருக்கும். பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் மாற்றுவதுதான் வீட்டில் எல்லோருக்கும் காலை வேலை. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் என் பங்கு 100 பாட்டில். கொஞ்சமாவது வாடை வந்தால் அப்பா சத்தம் போடுவார்.

இங்கே தண்ணீர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். பக்கத்து செக்‌ஷன் தம்பி யோசித்தான். "அழுக்கானா மாத்துவோம்க்கா."

ஜூன் 6, வெள்ளி

வெள்ளிக்கிழமை லோடு வரும். காலை பத்தரைக்குத் தெர்மோகோல் பெட்டிகள் வந்து இறங்கின. பில்லோடு எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று எல்லாக் கவரையும் ரப்பர் பேண்டு அவிழ்த்து, திறந்த வாயோடு தரையில் நிற்க வைத்துவிட்டார்கள். எண்ணி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இது எவ்வளவு தப்பு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கட்டிய கவருக்குள் மீன் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு கரியமில வாயு சேரும், தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) இறங்கும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேரும். ஆனால் பி.எச். இறங்கியிருப்பதால் அதில் பெரும்பகுதி அவ்வளவு கெடுதல் செய்யாத அம்மோனியமாகவே இருக்கும். கவரைத் திறந்ததும் வாயு பறந்துவிடும், பி.எச். ஏறும், அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறும். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனாலே விஷத்தின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு. ஒரு ராத்திரி முழுக்கப் பயணத்தைத் தாங்கி வந்த மீன், வந்து சேர்ந்த இடத்தில் செவுள் வெந்து போகிறது.

அப்பாவுக்கு அம்மோனியம், பி.எச். எதுவும் தெரியாது. "கட்டின கவரை அப்படியே தொட்டில மிதக்க விடு. அவுத்தா உடனே மீனை எடுத்துடு, கவர் தண்ணிய தொட்டிக்குள்ள ஊத்தாத" என்பார். அவ்வளவுதான்.

சொல்லிப் பார்த்தேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். சாயந்திரத்துக்குள் நியான் டெட்ராவில் பாதி மேலே மிதந்தன.

ஜூன் 8, ஞாயிறு

இன்று காம்போ நாள். கண்ணாடிக் கிண்ணம், கலர் கல், பிளாஸ்டிக் செடி, ஒரு டப்பா தீனி, இரண்டு கோல்டு ஃபிஷ். ஒவ்வொருவரும் குறைந்தது பத்து விற்க வேண்டும் என்று டார்கெட்.

ஒரு அம்மா, கூடவே ஆறேழு வயதுப் பையன். அவன் ஏற்கெனவே மீனுக்குப் பெயர் வைத்துவிட்டான். நான் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்: கோல்டு ஃபிஷ் ஒரு அடி வரைகூட வளரும், கழிவு மற்ற மீன்களைவிட அதிகம், இந்தக் கிண்ணத்தில் பில்டர் கிடையாது. புதுத் தண்ணீரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் மீன் தாங்காது. பெரிய தொட்டியாக வாங்கி, பில்டரை ஓடவிட்டுத் தயார் செய்துவிட்டு, அப்புறம் மீன் வாங்க வரலாம் என்றேன். அவர் குழம்பிப்போனார். "முன்னாடி வாங்கினதும் பத்து நாள்ல போயிடுச்சு. வீட்டுக்கு வர்ற கண்டத்தை மீன் வாங்கிக்கிச்சுன்னு இங்கதான் சொன்னாங்க" என்றார்.

அந்த வார்த்தை ராத்திரி வரை மனதை விட்டுப் போகவில்லை. கண்டம், திருஷ்டி, ராசி என்று எத்தனை வீடுகளில் சொல்லிச் சமாதானம் ஆகியிருப்பார்கள். அந்த மீன் யாருடைய கண்டத்தையும் வாங்கவில்லை. தன் மூத்திரத்திலேயே மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த கோல்டு ஃபிஷ் 43 வருடம் இருந்து 1999-இல்தான் செத்தது. நாம் பத்து நாளில் கொன்றுவிட்டு அதற்குச் சாஸ்திரமும் சொல்லி அனுப்புகிறோம்.

அவர் கிண்ணம் வாங்காமல் போனார். பையன் அழுதான். மேனேஜர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் எடுத்தது 19. கணினியில் "டேமேஜ்" என்று ஏற்ற வேண்டும். கிழிந்த தீனி பாக்கெட்டுக்கும் அதே பொத்தான்தான்.

ஜூன் 14, சனி

மாலி என்ற மீன் இருக்கும் டேங்கில் வெள்ளைப்புள்ளி நோய். ரவையைத் தூவிய மாதிரி வால் முழுக்க. மீன்கள் உடம்பைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தன.

ஒரு டேங்க் என்றால் பரவாயில்லை. இங்கே 24 டேங்குக்கும் கீழே ஒரே பில்டர் தொட்டி, ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கிருமியைக் கொல்ல யூவி விளக்கு போட்டிருக்கிறார்கள். எப்போது மாற்றியது என்று கேட்டால் "எரியுதேம்மா" என்கிறார்கள். விளக்கு எரியும், ஒரு வருடம் போனால் அதன் கொல்லும் சக்தி குறைந்துவிடும். இதன் மேல் எழுதியிருந்த தேதிக்கு மூன்று வருடம் ஆகிறது.

புள்ளியாகத் தெரிவது மீனின் தோலுக்கு அடியில் புகுந்த ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முற்றி உதிர்ந்து, பெருகி, குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடித் தண்ணீரில் நீந்தும்போதுதான் கொல்ல முடியும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் விடாமல் வைத்தியம் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் மீன் விற்பனையை நிறுத்தலாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "சனி, ஞாயிறு வருதேம்மா" என்றார் மேனேஜர் சார். அவர் கெட்டவர் இல்லை. மேலே இருந்து அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.

மாலி டேங்கில் மட்டும் விளக்கை அணைத்து வைத்தோம், புள்ளி தெரியாமல் இருக்க. நானும் பக்கத்தில்தான் நின்றேன். எழுதும்போது கை கூசுகிறது.

ஜூன் 19, வியாழன்

லீவு. சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், விலங்கு என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும் என்று இருக்கிறது. அப்படியென்றால் மீனும் உண்டு. ஆனால் செல்லப்பிராணிக் கடைகளுக்கு என்றே 2018-இல் வந்த விதிகளில் நாய், பூனை, முயல், கினி பிக், ஹாம்ஸ்டர், எலி வகை, கூண்டுப் பறவை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு மீனை விட்டுவிட்டார்கள். எங்கள் கடையில் நாய்க்குட்டி பற்றி ஒரு பைல் முழுக்கத் தாள்கள் இருப்பதும், மீனுக்கு ஒரு தாள்கூட இல்லாததும் ஏன் என்று இப்போது புரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் அப்பா கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தொட்டியும் பாட்டிலும் போன பிறகு அவர் ஒரு மீன் கடைக்குள்ளும் காலடி வைத்ததில்லை. எஸ்கலேட்டரில் ஏறப் பயந்து படியேறி வந்திருந்தார், வேர்த்துக் கொட்டியது.

டேங்குகளைப் பார்க்கவில்லை. நேரே கப் அலமாரிக்குப் போனார். ஒரு கப்பின் மூடியைத் திறந்து, வீட்டில் செய்வது போலவே சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்தார். விரலை என் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது.

அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. கடையில் ஏசி 22 டிகிரி. டேங்கில் ஹீட்டர் உண்டு, கப்பில் கிடையாது. ஃபைட்டருக்கு 25-லிருந்து 28 வரை வேண்டும். குளிர்ந்தால் தின்றது செரிக்காது, நோயை எதிர்க்கத் தெம்பு இருக்காது, அசையாமல் அடியில் கிடக்கும். கஸ்டமர்கள் அதைப் பார்த்து "சமத்தா இருக்கு" என்பார்கள்.

"இங்க பூட்டி வச்சா எப்படிம்மா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 17-ஆம் நம்பரை ரொம்ப நேரம் பார்த்தார். நான் தண்ணீர் மாற்ற ஆரம்பித்ததிலிருந்து அது நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் வால் ஓரம் இன்னும் தின்று போனது போலத்தான் இருக்கிறது. கிளம்பும்போது மஞ்சப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். காய்ந்த பாதாம் இலை. எங்கள் தெருமுனை மரத்தினுடையது. கப்பில் ஒரு துண்டு போட்டால் ஃபைட்டருக்கு நல்லது என்று எங்கள் பக்கம் எல்லோரும் போடுவார்கள்.

ஜூலை 2, புதன்

சம்பளம் வந்ததும் டெஸ்ட் கிட் வாங்கினேன், என் காசில். நேற்று லீவு போட்டிருந்ததால் கப்புகளுக்கு யாரும் தண்ணீர் மாற்றவில்லை. பத்துக் கப்பில் பரிசோதித்தேன். சோதனைக் குழாயில் மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை என்று அர்த்தம். ஒன்றுகூட மஞ்சளில் நிற்கவில்லை. மூன்று கரும்பச்சை.

பத்துக் குழாயையும் வரிசையாக நிற்க வைத்து மேனேஜர் சாரைக் கூப்பிட்டேன். வாயால் சொன்னபோது கேட்காதவர், நிறத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் மூன்று விஷயத்துக்குச் சம்மதித்தார். ஃபைட்டருக்குத் தினமும் காலையில் தண்ணீர் மாற்ற அரை மணி நேரம், அந்த நேரத்தில் என்னை பில்லிங்குக்குக் கூப்பிடக் கூடாது. கப் அலமாரியை ஏசி காற்று நேராக விழாத மூலைக்கு நகர்த்துவது. லோடு வந்தால் கவரைக் கட்டியபடியே எண்ணுவது. யூவி விளக்குக்கு மட்டும் மேலே கேட்க வேண்டுமாம். ஃபைட்டரை 30-லிருந்து 10 ஆகக் குறைக்க அவர் கையில் அதிகாரம் இல்லை. எத்தனை வர வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

ஜூலை 9, புதன்

நீல மீனை நானே வாங்கிவிட்டேன். பில் போட்டு, முழு விலை கொடுத்து. வீட்டில் இரண்டடித் தொட்டி, ஸ்பாஞ்ச் பில்டர், கொஞ்சம் பாசி. பில்டரை மூன்று வாரத்துக்கு முன்பே அப்பா தன் நண்பர் தொட்டியில் ஓடவிட்டுப் பழக்கி வைத்திருந்தார். இந்த ஏற்பாடு எனக்கே தெரியாது.

தொட்டியில் விட்டதும் அது அந்த நீளத்தை முழுசாக நீந்தவில்லை. கப்பின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் போய்த் திரும்பியது. மறுபடி போய்த் திரும்பியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியேதான்.

ஜூலை 11, வெள்ளி

இன்று லோடு. கவர்களைக் கட்டியபடியே எண்ணினோம், தம்பியே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சாயந்திரம் வரை செத்தது நான்கு.

பெட்டியில் ஃபைட்டர் சரியாக ஏழு. போன வெள்ளிக்குப் பிறகு விற்றது ஐந்து, செத்தது இரண்டு. நான் வாங்கிய நீலமும் அந்த ஐந்தில் ஒன்று. பில்லிலும் டேமேஜிலும் எத்தனை கழிந்ததோ அத்தனையும் ஆர்டராக மேலே போய்விடுகிறது. 17-ஆம் நம்பர் கப்பைக் கழுவி, பாதாம் இலைத் துண்டு போட்டு, ஒரு சிவப்பு மீனை விட்டேன். உள்ளே போனதும் ஒரு சுற்று சுற்றிவிட்டு மேலே வந்து காற்று குடித்தது.

நாளைக்கு ஏழரைக்கே போக வேண்டும். சனிக்கிழமை தண்ணீர் மாற்ற அரை மணி நேரம் போதாது.